மூலைக்கு வெளியே மூன்று மீட்டர் எண்பது

தவறு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாக, நடந்த வரிசையில் எழுதலாம்.

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மனை வரைபடம் போடும் மென்பொருள் தயாரிக்கிறோம். நில அளவைக்காரர்கள் ஒரு மனையை அளந்து எண்களை உள்ளே கொடுத்தால், மனை படமாகி வெளியே வரும். அதில் ஒருவர் கோடுகளைப் பார்த்துக்கொள்கிறார், ஒருவர் எழுத்துகளை, இன்னொருவர் அச்சை. எனக்கு ஒதுக்கப்பட்டது மூலைகள். இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பது மட்டும் என் பொறுப்பு. இதில் ஒருவருக்கு முழுநாள் வேலை இருக்குமா என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். என் அத்தானுக்கு ஒன்பது வருடமாகத் தோன்றிக்கொண்டே இருந்தது.

"மாப்ளே, உனக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"மூலை வரையறேன்னு சொல்லுங்க அத்தான்."

"ஒரு மூலையில உட்கார்ந்திருக்கான்னு சொல்லிடறேன். அதுன்னா எல்லாருக்கும் புரியும்."

அத்தான் என் அக்காவின் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். ஒரு மேசை, ஒரு கார், காரில் அவர் பக்கத்துக்கும் ஒரு பிரேக். மேசைக்குப் பின்னால் உள்ள சுவரில், சாலைக் குறியீடுகளுக்கு மேலே, சிவப்புப் பெயின்டில் அவரே இயற்றிய ஒரு வாசகம் இருக்கிறது: 'கோடு யாருக்கும் சொந்தமில்லை.' சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்ட வேண்டாம், தொட்டாலே போதும், அவரிடம் ஃபெயில். அவர் ஃபெயில் ஆக்கியவர்களை அவர் அரசாங்கத் தேர்வுக்கு அனுப்புவதில்லை. எங்கள் தெருவில் பாதிப்பேர் இன்னும் நடந்து போவதற்கு அதுதான் காரணம்.

இனி மூலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பட்டை நாடாக்களை மேசைமேல் வைத்து, அவற்றின் முனைகளை ஒரு கோணத்தில் சேர்த்துப் பாருங்கள். உள்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வெளிப்பக்கம் ஒரு பிளவு, குஞ்சு வாயைத் திறந்ததுபோல. கணினியில் தடித்த கோடு வரைந்தாலும் இதே கதைதான். அந்தப் பிளவை மூட மூன்று வழிகள் உண்டு. உருட்டி மூடலாம். குறுக்கே ஒரு வெட்டு வைத்து மொட்டையாக மூடலாம். அல்லது இரண்டு வெளி ஓரங்களையும் அவை ஒன்றையொன்று சந்திக்கும்வரை நீட்டிக்கொண்டே போய்க் கூராக மூடலாம்.

கூர்தான் பார்க்க அழகு. சதுர மனையில் இரண்டு ஓரங்களும் இரண்டடி வைத்ததும் சந்தித்துவிடும். ஆனால் கோணம் ஒடுங்க ஒடுங்க, சமாதானத்துக்கு வர மனமில்லாத பங்காளிகள் மாதிரி, பக்கத்துப் பக்கத்திலேயே வெகுதூரம் போய்த்தான் சேரும். அதனால் இந்த வேலை தெரிந்தவர்கள் ஒரு வரம்பு வைப்பார்கள். முனை, கோட்டின் தடிப்பைப் போல நாலு மடங்குக்குமேல் நீண்டால் வெட்டிவிடு என்பார்கள். சிலர் தாராளமாகப் பத்து மடங்கு வைப்பார்கள்.

நான் நூறு வைத்தேன்.

அதற்கும் காரணம் இருந்தது. முதலில் நான் எல்லா மூலைகளையும் மொட்டையாக மூடி அனுப்பியிருந்தேன். 'மூலைகள் மழுங்கலாக உள்ளன. கூராக வேண்டும்' என்று அளவை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எல்லா மூலையும் கூராக இருப்பது எப்போதும் நல்லதல்ல என்று எங்கள் மேனேஜர் மேடத்திடம் விளக்க ஆரம்பித்தேன்.

"கூரா கேட்டா கூரா குடுங்களேன். நடுவுல நீங்க என்ன பஞ்சாயத்து பண்றீங்க?" என்றார்.

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. இனி என் ஆயுளுக்கும் மழுங்கல் என்று ஒரு புகார் வரக்கூடாது என்று நூறு போட்டேன். போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு மனைகளை வைத்துச் சோதித்தேன். ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எண் போட்டு எழுதினேன். எல்லாம் சதுரம், நீள்சதுரம், ஒன்றிரண்டு கோணல் சதுரம். முன்னூற்றுப் பன்னிரண்டும் சரியாக வந்தன.

அக்கா வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை. அந்த மனையின் வடிவம் எனக்குத் தெரியாமல் இல்லை. முன்பக்கம் வீடு, பின்பக்கம் முப்பது மீட்டருக்கு ஒரு வால். வீட்டை ஒட்டி மூன்று மீட்டர் அகலத்தில் தொடங்கி, ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் ஓர் எல்லைக்கல்லில் ஒன்றுமில்லாமல் முடிந்துவிடும். தெருவில் அதற்கு முள்ளங்கி மனை என்றே பெயர். அந்த வாலில்தான் அத்தான் பின்னோக்கி ஓட்டும் பயிற்சி கொடுப்பார். கார் பாதி தூரம்கூடப் போகாது. மீதிக்கு அகலம் கிடையாது. வாங்கியபோது நாடாவின் மறுமுனையைப் பிடித்து அளந்தவனே நான்தான். ஆனாலும் சொந்தக்காரர்களை அலுவலக விஷயத்தில் இழுக்கக் கூடாது என்பது என் கொள்கை.

புதன்கிழமை மதியம் அத்தானிடமிருந்து போன் வந்தது. வாலைச் சுற்றிச் சுவர் எழுப்ப அவர் அளவை அலுவலகத்தில் வரைபடம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். அது அன்றுதான் கைக்கு வந்திருந்தது.

"மாப்ளே! உன் வேலை என்னன்னு இன்னைக்குத்தான்டா எனக்குப் புரிஞ்சுது. சாயங்காலம் வீட்டுக்கு வா. நேரா வா."

ஒன்பது வருடத்தில் அவர் குரலில் அப்படி ஒரு மரியாதையை நான் கேட்டதில்லை. அரை மணி நேரம் முன்கூட்டியே கிளம்பினேன்.

சாப்பாட்டு மேசையில் படம் விரித்திருந்தது. நான்கு பக்கமும் தண்ணீர்த் தம்ளர் வைத்திருந்தார். எல்லைக்கல் இருக்க வேண்டிய இடத்தில் கோடு நிற்கவில்லை. கறுப்பாக, நேராக, ஊசிபோல, பக்கத்து மனைக்குள் பாய்ந்திருந்தது.

அத்தான் ஸ்கேலை எடுத்து வைத்தார். "வாலை அளந்து பாரு. நூத்து அறுபத்தொம்போது மில்லிமீட்டர். ஒண்ணுக்கு இருநூறுன்னு கீழே போட்டிருக்கு. அப்போ முப்பத்து மூணு மீட்டர் எண்பது. நாம வாங்கினதென்ன? முப்பது. மூணு எண்பது இத்தனை நாளா ஒருத்தன் அமுக்கி வச்சிருந்திருக்கான்."

"அத்தான், பக்கத்துலயே முப்பதுன்னு நம்பர் அச்சடிச்சிருக்கே."

"நம்பர்ல தப்பு வரும். கோட்டுல எப்படிடா வரும்?"

"எல்லைக்கல்லு..."

"கல்லை நகர்த்தலாம். கம்ப்யூட்டரை நகர்த்த முடியுமா? அதுவும் உன் கையால வரைஞ்ச மூலை. என் சொந்த மைத்துனன் போட்டது. முத்திரையும் இருக்கு."

அவர் என் தோளில் கை போட்டார். அந்தக் கையின் எடையில், சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டேன். இதுவும் என் தவறுதான்.

அந்த ஊசி போய் முடிந்த இடத்தைச் சொல்ல வேண்டும். கல்லுக்கு அந்தப்பக்கம், பக்கத்து மனைக்கார டெய்லரின் தையல் கொட்டகை. ஊசி அதன் சுவரைத் துளைத்து, உள்ளே ஒரு ஸ்டூலுக்கு அடியில் ஓடி, டெய்லருடைய மிஷினின் மிதிகட்டையில் முடிந்தது. அந்த ஸ்டூல் என் அக்காவுடையது. நாலு வருடமாகத் தினமும் காலையில் அக்கா அங்கே உட்கார்ந்து காஜா எடுக்கிறாள். பித்தான் துளை தைப்பதை அப்படித்தான் சொல்வார்கள். அவள் கையால் எடுத்த காஜா சட்டை கிழிந்தாலும் கிழியாது என்று டெய்லர் சொல்வார். அக்காவுக்கு அந்த வீட்டில் எத்தனையோ நாற்காலிகள் உண்டு. அவளுக்கென்று இருப்பது அந்த ஸ்டூல் ஒன்றுதான்.

டெய்லருக்கும் அத்தானுக்கும் ஆறு வருடமாகப் பேச்சு கிடையாது. டெய்லர் கார் பழக வந்தார். கடைசி நாள், திருப்பத்தில், இடது பின்சக்கரம் வெள்ளைக் கோட்டின்மேல் ஏறியது. "ஏறத்தானே செஞ்சுது, தாண்டலையே?" என்று டெய்லர் கேட்டதற்கு, பதினோரு பேர் முன்னால் சுவரைக் காட்டி வாசகத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார் அத்தான். அடுத்த மாதம் அத்தானுக்குத் தைத்து வந்த சட்டையில் காலரின் ஒரு முனை விரல் அகலம் குட்டையாக இருந்தது. அன்றோடு சரி. அக்கா அங்கே வேலைக்குப் போனதை மட்டும் அத்தான் தடுக்கவில்லை. வேலை வேறு, விரோதம் வேறு என்று சொல்லிவிட்டார்.

"இனிமே நீ நம்ம சொந்த இடத்துல உட்கார்ந்து காஜா எடுக்கலாம்" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார் அத்தான். "சனிக்கிழமை கொத்தனார் வரார். ரெண்டு பக்கமும் சுவர் வந்து மிதிகட்டைக்கிட்ட சேருது."

அக்கா சிரிக்கவில்லை. "காலையிலேயே நீங்க படத்தைக் கொண்டுபோய் கொட்டகை ஜன்னல்ல கொஞ்ச நேரம் ஒட்டி வச்சீங்க இல்ல? டெய்லர் அண்ணன் பார்த்துட்டார். முத்திரை வச்ச காகிதத்தோட நான் சண்டை போடமாட்டேன், கொட்டகையைப் பாதியா மறிச்சுக்கறேன்னு சொல்லிட்டார். மறிச்சா ஒரு மிஷின் நிக்கத்தான் இடம். ரெண்டாவது ஆளுக்கு இடமில்ல."

"ரெண்டாவது ஆள் யாரு?"

"நான்தான்."

அத்தான் ஒரு தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். படம் அந்த மூலையில் சுருண்டுகொண்டது.

வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா பின்னாலேயே வந்தாள். "டேய், உன் மூஞ்சியைப் பார்த்ததும் கண்டுபிடிச்சுட்டேன். தப்பு உன்னுதுதானே?"

"ஆமாக்கா. நூறுன்னு ஒரு நம்பர்..."

"நம்பர் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். சனிக்கிழமை கொத்தனார் கரண்டியை எடுக்கறதுக்குள்ள என் ஸ்டூலை எனக்கு வாங்கிக் குடு. இல்லேன்னா இந்த வீட்டுப் படி ஏறாதே."

வியாழக்கிழமை காலை மேடத்திடம் போய் நூறை நாலாக்க வேண்டும் என்றேன். ஏன் என்றார். ஒரு மனையில் முனை மூன்று மீட்டர் எண்பது பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டது என்றேன்.

"யார் வீட்டுக்குள்ள?"

"எங்க அக்கா ஸ்டூலுக்குள்ள மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். "நூறுன்னு போடச் சொன்னது யாரு?"

"கூரா குடுன்னு நீங்க சொன்னீங்க. நூறு நானா போட்டது."

"நல்லவேளை, ஆயிரம்னு போடலை. மாத்துங்க."

மாற்றுவதற்கு ஆன நேரம் ஒரு நிமிடம். இரண்டு பூஜ்யத்தை அழித்து, ஒன்றை நாலாக்கினேன். அளவை அலுவலகத்தில் காத்திருந்து புதுப் படம் அச்செடுத்து முத்திரை வாங்க ஒன்றரை நாள். வெள்ளி மதியம் அதை அத்தான் மேசையில் விரித்தேன். இப்போது வால் எல்லைக்கல்லில், சின்ன மொட்டை வெட்டோடு, ஒழுங்காக நின்றது.

அத்தான் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கை அறுத்துட்டியேடா."

"அது மூக்கே இல்ல அத்தான். கோட்டுக்குத் தடிப்பு இருக்கறதால..."

"உங்க அக்கா அழுதாளா?"

"அழலை. மிரட்டினா."

"அதான். குடும்பத்துக்காகக் கம்ப்யூட்டரை வளைச்சிருக்கே. ரெண்டுலயும் முத்திரை இருக்கு மாப்ளே. எனக்குப் பிடிச்ச முத்திரை இதுல இருக்கு." பழைய படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நான் விளக்கத் தொடங்கினேன். அத்தானிடம் எதையும் பேசி விளக்க முடியாது. கார் கற்றுக்கொடுத்துப் பழகியவர். எதிராளி ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாலே அவர் கால் பிரேக்கைத் தேடும். நூறு, நாலு என்று மூன்று முறை ஆரம்பித்தேன், மூன்று முறையும் நிறுத்தினார். பேச்சில் முடியாததை எழுத்தில் முடிக்கலாம் என்று வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முறைப்படி ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு தரம் திருத்தி, மூன்றாவதைச் சுத்தப் பிரதி எடுத்தேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு நான் போனபோது கொத்தனார் நூல் கட்டி முடித்திருந்தார். வாலின் இரண்டு ஓரத்திலிருந்தும் வந்த நூல்கள், எல்லைக்கல்லை ஒரு சாண் விலகித் தாண்டி, கொட்டகையின் ஜன்னல் வழியே உள்ளே போய், மிதிகட்டையில் முடிச்சாகியிருந்தன. டெய்லர் மிஷின்முன் உட்கார்ந்து, முடிச்சு அவிழாதபடி பாதத்தைத் தூக்கித் தூக்கி மிதித்துக்கொண்டிருந்தார். அக்கா ஸ்டூலில் இருந்தாள். நூல்கள் அவள் மடிக்குமேலே போயின. அவள் அவற்றின்மேல் அளவு நாடாவையும் காஜா முடிந்த இரண்டு சட்டைகளையும் போட்டிருந்தாள்.

"சார், ஒரு சந்தேகம்" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து கொத்தனார் கேட்டார். "கல்லுக்கிட்டயே ரெண்டு நூலுக்கும் நடுவுல ரெண்டு சாண்தான் இருக்கு. இந்தப்பக்கச் சுவர் ஒரு சாண், அந்தப்பக்கச் சுவர் ஒரு சாண். அப்போ நிலம் எங்க வரும்?"

"சுவர் என்னோடதுதானே? வரட்டும்" என்றார் அத்தான். "நீ எழுந்திரிம்மா, ஆரம்பிக்கட்டும்."

"நான் காஜா எடுக்க வேண்டிய சட்டை இன்னும் மூணு இருக்கு" என்று அக்கா அசையாமல் ஊசியில் நூல் கோத்தாள்.

நான் கடிதத்தை நீட்டினேன். அத்தான் கை வைக்கவில்லை. "எதுவா இருந்தாலும் வாயால சொல்லு" என்றார். "உங்ககிட்ட அதுதான் முடியலை அத்தான்" என்றேன். அக்கா என் கையிலிருந்து அதைப் பிடுங்கிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"அனுப்புநர், தங்கள் மைத்துனன். பெறுநர், அத்தான் அவர்கள்... டேய், எங்க வீட்டு விலாசத்தை எங்களுக்கே எழுதியிருக்கியா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லக்கா."

"பொருள், தங்கள் மனையின் பின்மூலை தொடர்பாக. பார்வை, தங்கள் வாய்மொழி, புதன்கிழமை. மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு வணக்கம். ஒன்று: தங்கள் மனையின் பின்மூலை ஆறு டிகிரி கோணம் உடையது. இரண்டு: படத்தில் எல்லைக்கோட்டின் தடிப்பு இரண்டு மில்லிமீட்டர். மூன்று: தாங்கள் ஸ்கேலால் அளந்த மூன்று மீட்டர் எண்பது, தங்கள் நிலம் அல்ல, அந்தக் கோட்டின் தடிப்பு இரண்டு பக்கமிருந்தும் நீண்டு சேர்ந்த முனை. கோட்டின் தடிப்பு நிலத்தில் சேராது. நான்கு: முனையை வெட்டாமல் விட்டது அடியேன் போட்ட நூறு என்ற எண். அதற்கு..."

மிஷின் சத்தம் நின்றது.

"தங்கச்சி" என்றார் டெய்லர். "மூணாவதை இன்னொரு தடவை படி."

அக்கா படித்தாள். டெய்லர் பாதத்தை மெதுவாகக் கீழே வைத்தார். அத்தான் நின்ற இடத்துக்கும் அவருக்கும் நடுவே இரண்டு கை தூரம்தான். ஆனாலும் அவர் அக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு கேளு. கோட்டோட தடிப்பு நிலத்துல சேராதுன்னு தம்பி எழுதியிருக்கே. அவரு என்ன சொல்றாரு? சேருங்கறாரா, சேராதுங்கறாரா?"

"சேரும்னு சொல்லு" என்றார் அத்தான், அவரும் அக்காவையே பார்த்து.

"நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லு. உள்ள இருக்கறவனுக்குத்தான் கோடும் சொந்தமா?"

"ஆமா. உள்ள இருக்கறவனுக்குத்தான் கோடு. இதுல யோசிக்க என்ன இருக்குன்னு கேளு."

"அப்போ அவர்கிட்ட சொல்லு" என்று டெய்லர் எழுந்து நின்றார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு திருப்பத்துல, கோட்டுக்கு உள்ள இருந்தது நான். என் பின்சக்கரம் ஏறுனது என் கோட்டு மேல. தாண்டலை. அப்போ நான் பாஸ். பதினோரு பேரையும் கூப்பிட்டு, பாஸ்னு அவர் வாயால சொல்லச் சொல்லு. சொல்லிட்டு இந்த இடத்தை எடுத்துக்கட்டும். நானே மிஷினை நகர்த்திக் குடுக்கறேன்."

அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள். "கேட்டுச்சா, நான் திருப்பிச் சொல்லணுமா?"

அத்தான் நூலைப் பார்த்தார், மிதிகட்டையைப் பார்த்தார்.

அப்போது ஜன்னலில் கொத்தனாரின் முகம் பெரிதாக வந்தது. "சார், தப்பா நினைக்காதீங்க. நானும் அதே கோட்டுலதான் ஃபெயில். ரெண்டு தடவை. டெய்லர் பாஸ்னா நானும் பாஸ்தானே?"

"யோவ், நீ வேலையைப் பாருய்யா!"

"வேலைக்கு நடந்துதான் சார் வரேன். அதான் கேட்டேன்."

அத்தானின் காது மடல்கள் சிவந்தன. ஒரு பக்கம் மூன்று மீட்டர் எண்பது. மறுபக்கம் அவர் ஃபெயில் ஆக்கிய அத்தனை பேரும் தெருவில் வரிசையாக நிற்பதை அவர் மனக்கண்ணால் பார்த்திருக்க வேண்டும். எல்லாரும் கோட்டின்மேல் ஒரு சக்கரத்தோடு. எல்லாரும் பாஸ்.

அவர் ஆறு வருடத்தில் முதல்முறையாக டெய்லரை நேராகப் பார்த்தார்.

"ஃபெயில்னா ஃபெயில்தான்யா! அன்னைக்கும் ஃபெயில், இன்னைக்கும் ஃபெயில்! சக்கரம் கோட்டைத் தொட்டா முடிஞ்சுது. கோடு உனக்கும் சொந்தமில்ல, எனக்கும் சொந்தமில்ல. யாருக்கும் சொந்தமில்ல! செவுத்துலயே எழுதி வச்சிருக்கேன்!"

சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. அக்கா நூலின்மேல் கிடந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள்.

அத்தான் குனிந்து மிதிகட்டையிலிருந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். வரவில்லை. டெய்லர் கத்தரிக்கோலை நீட்டினார். அத்தான் அதை வாங்கி, நூலை வெட்டி, கத்தரிக்கோலை மிஷின்மேல் வைத்தார்.

"கல்லுலேர்ந்து கட்டு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே கொத்தனார் கல்லருகே குந்தி உட்கார்ந்து, ஒரு செங்கல்லை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இவ்வளவு ஒடுக்கத்துல கூரா வராது. கூரா வேணும்னு இழுத்தா சுவர் எங்கேயோ போய் நிக்கும். ரெண்டும் ஒட்டுற இடத்துலயே குறுக்க ஒரு வெட்டு வச்சு மொட்டையா முடிச்சுடறேன்."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதைத்தான் நீ நாலுன்னு சொன்னியா?"

"ஆமா அத்தான்."

"இவர் உன்னை மாதிரி கடுதாசி எல்லாம் எழுதலையே. செங்கல்லைப் பார்த்ததும் சொல்லிட்டாரே."

"அவர் மூலையில நின்னு பார்க்கறார் அத்தான். நான் சதுரத்துல மட்டும் பார்த்துட்டேன்."

"ம்" என்றார். ஒன்பது வருடத்துக்கு அது மோசமில்லை.

கொட்டகையில் மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அக்கா ஜன்னல் வழியே என் கடிதத்தைத் திருப்பி நீட்டினாள். "இந்தா. கடைசியில 'தங்கள் உண்மையுள்ள'ன்னு எழுதியிருக்கே. புதன்கிழமையே அந்த உண்மையைச் சொல்லியிருந்தா இவ்வளவு மை மிச்சம். சாப்பிட்டுட்டுப் போ."

அடுத்த வாரம், காலர் குட்டையான அந்தச் சட்டையைக் கொடுத்தனுப்பினால் சரிசெய்து தருவதாக டெய்லர் அக்காவிடம் சொல்லி அனுப்பினார். சரிசெய்தாலும் ஃபெயில்தான் என்று அத்தான் பதில் சொல்லி அனுப்பினார். சட்டையையும் சேர்த்துத்தான் அனுப்பினார்.

நான் திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் குறிப்பேட்டைத் திறந்து, முன்னூற்றுப் பதின்மூன்றாவது சோதனையாக முள்ளங்கி மனையைச் சேர்த்தேன். சொந்தக்காரர்களை உள்ளே விடுவதில்லை என்ற கொள்கையை அன்றோடு விட்டேன். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்தேன்.

மேடம் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்து அங்கே நின்றார். "சதுரம் ஒண்ணு, சதுரம் ரெண்டு, கோணல் சதுரம்... எல்லாம் சரி. இது என்ன, 'அக்கா'?"

"தப்பாப் போனா முதல்ல சத்தம் வர்ற இடம் மேடம்."